கதவோரம் ஒன்பது நிமிஷம்

நாரணாபுரம்
11.2.2025

படம் எடுத்த சாம்சுந்தர் தம்பிக்கு,

நான் சண்முகத்தாய். போன சனிக்கிழமை திருத்தங்கல் கல்யாண மண்டபத்தில் உங்கள் படம் போட்டீர்களே, அதில் பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமில் வெடித்துச் செத்துப்போகிற பெண்ணுக்கு அம்மா. நடித்த அம்மா இல்லை, நிஜ அம்மா.

படம் முடிந்து வாசலில் நின்று எல்லோர் கையிலும் ஒரு கார்டு கொடுத்தீர்கள். மனதில் பட்டதை எழுதிப் போடுங்கள் என்றீர்கள். அந்தக் கார்டு எனக்குப் பத்தாது, அதனால் நோட்டுத்தாளில் எழுதிக் கவரில் வைத்திருக்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். ஆனால் இதை இன்னொருத்தர் படிக்க வேண்டாம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் நகரவே இல்லை தம்பி.

நான் படம் பார்க்கத் தெரியாதவள் இல்லை. ஒரு காலத்தில் சிவகாசியில் எந்தத் தியேட்டரில் எந்தப் படம் என்று என்னைக் கேட்டுத்தான் எங்கள் கம்பெனி வேனில் உள்ளவர்கள் போவார்கள். உங்கள் படத்தில் அந்தப் பெண் காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறாள். குடம் நிறைகிற வரைக்கும் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் வேன் வரும் ரோட்டைக் காட்டினீர்கள். வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகும் ரோட்டையே காட்டினீர்கள். எனக்குப் பின்னால் இருந்த எங்கள் ஊர்ப் பாண்டி, "வேனுதான் போயிருச்சே, இன்னும் யாரு வரணும்னு காத்துக்கிட்டு இருக்காக?" என்றான். மண்டபமே சிரித்தது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மதியம் எல்லோரும் மரத்தடிக்குச் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் மருந்து ரூம் கதவோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறாளே, அதைச் சொல்கிறேன். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்துக்கு உட்கார்ந்தவள் ஏழு பத்தொன்பது வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள்.

பாண்டி எழுந்தே விட்டான். "ஏலே, படம் நின்னுபோச்சுலே! ஆபரேட்டரக் கூப்பிடு!"

"நிக்கல மாமா, அந்தா வேப்பல ஆடுது பாருங்க" என்று ஒரு பிள்ளை சொன்னது.

"இல ஆடுதத பாக்க எங்க வீட்டு வாசலுக்குப் போவனே தாயி, இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தேன்?"

பாதிப் பேர் எழுந்து போனார்கள். வெடிச்சத்தம் வந்தபோது முன் இரண்டு வரிசையில் நாற்காலிதான் இருந்தது. நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒன்பது நிமிஷத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். குடம் இருக்கட்டும். ரோடு இருக்கட்டும். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

சண்முகத்தாய்

*

சென்னை
24.2.2025

மதிப்பிற்குரிய அம்மா,

முந்நூறு அட்டைகள் கொடுத்தேன். திரும்பி வந்தது உங்கள் கடிதம் ஒன்றுதான். மூன்று முறை படித்துவிட்டேன்.

படம் மெதுவாக இருக்கிறது என்பது உண்மை. தெரிந்தே அப்படி எடுத்தேன். உங்கள் மகள் இறந்த மறுநாள் பத்திரிகையில் வந்த செய்தியைத் தேடிப் பார்த்தேன். நாலு வரி. தலைப்பில் 'பெண் தொழிலாளி பலி' என்று மட்டும் இருந்தது, பெயர்கூட இல்லை. அந்த நாலு வரியை நாம் எல்லோரும் டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்க விடக் கூடாது, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க விடக் கூடாது என்றுதான் ஒன்பது நிமிடம் வைத்தேன். வெளிநாட்டில் ஒரு விழாவில் திரையிட்டபோது அந்த இடத்தில் அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. வெளிச்சம் வந்தபோது பலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதவோரக் காட்சி என் கற்பனை இல்லை. மறைந்த பாக்கியவதி டீச்சர் எழுதிய கதையில் இருப்பது. 'எல்லோரும் உண்ணப் போன பின் அவள் கதவோரம் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மரத்தடியிலிருந்து அவள் தாய் அதைப் பார்த்தாள்.' நீங்கள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதியதாக டீச்சர் என்னிடம் சொன்னார்கள். அதனால் கேமராவை அந்த வேப்பமரத்தடியில், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தியின் கண் உயரத்தில் வைத்தேன். அந்த ஒன்பது நிமிடமும் திரையில் இருப்பது உங்கள் பார்வை, அம்மா.

அதை வெட்டினால் படத்தில் ஒன்றும் மிஞ்சாது. மன்னியுங்கள்.

அன்புடன்
சாம்சுந்தர்

*

நாரணாபுரம்
5.3.2025

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வெளிநாட்டில் அழுதவர்களுக்கு மருந்து ரூம் தெரியாது. இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை வேனில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். நான் ஏறியதைப் பார்க்கவில்லை.

"பாவம், பகல்லயே கனாக் கண்டுக்கிட்டு இருந்திருக்கே அந்தப் பிள்ள."

"பின்ன என்ன? மருந்த விரிச்சுப் போட்டுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா? கம்பெனிக்காரக அன்னைக்குச் சொன்னது சரியாத்தான் இருக்கு."

கம்பெனிக்காரர்கள் அன்றைக்குச் சொன்னது என்ன தெரியுமா? கவனக்குறைவு. அதிகாரிகள் வந்தபோதும் அதையே சொன்னார்கள். ரூமில் அவள் ஒருத்திதான் இருந்தாள், அவளும் போய்விட்டாள், இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று வருஷமாக அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து கிடந்தது. நீங்கள் பெரிய துணி கட்டி எல்லோருக்கும் காட்டிவிட்டீர்கள்.

எங்கள் வேலை எண்ணிக்கைக்குக் கூலி உள்ள வேலை தம்பி. காகிதக் குழாயை எடுக்க வேண்டும், மருந்தைப் போட வேண்டும், குச்சியால் அமுக்க வேண்டும், தட்டில் அடுக்க வேண்டும். அடுத்த குழாய். பக்கத்தில் இருப்பவளிடம் பேசினாலும் வாய்தான் பேசும், கை நிற்காது. உங்கள் படத்தை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என் மடியில் என் கை குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. எண்பத்திமூன்று. நான் மெதுவாகச் செய்கிறவள். என் மகள் பானுப்பிரியா என்றால் நூறைத் தாண்டியிருப்பாள். பத்தொன்பது வயசு. அவள் கைக்கு ரூமில் யாரும் ஈடு இல்லை. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

செத்தவளுக்கு மிஞ்சினது பேர்தான். அதைக் கெடுக்காதீர்கள். வெட்டிவிடுங்கள்.

சண்முகத்தாய்

*

சென்னை
28.3.2025

அம்மா,

உடனே எழுத முடியவில்லை. ஒரு படத்தை இரண்டு பேர் வேனில் பேசியதற்காக மாற்ற ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. உங்கள் மகள் கவனமில்லாதவள் என்று படம் எங்கும் சொல்லவில்லை. பார்க்கப் பழகாதவர்கள் அப்படிப் புரிந்துகொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி மற்ற வரிகளோடு ஒட்டவில்லை. டீச்சரிடம் நீங்கள் சொன்னது வேறு. வருத்தத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். நீங்கள் வேலை செய்கிற அதே கம்பெனியில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தொழிலாளிகளுக்கு வருஷா வருஷம் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் போட்டுக் காட்ட அந்தக் கதவோரப் பகுதியையும் வெடிக்கிற இடத்தையும் கேட்டார்கள். ஒன்றும் வாங்காமல் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், என் படத்தை யாரும் அவர்களாகக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. நாளைக்கு ஓர் உயிராவது அதனால் பிழைத்தால் உங்கள் மகளின் பெயர் அதில் இருக்கும்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

சாம்சுந்தர்

*

நாரணாபுரம்
21.4.2025

தம்பி,

வெள்ளிக்கிழமை அந்த வகுப்பு நடந்தது. பேப்பர் கட்டு வைக்கிற ஷெட்டில் எங்கள் நாற்பது பேரை உட்கார வைத்தார்கள். சுவரில் வேட்டி கட்டிப் படம் விழுந்தது. சூப்பர்வைசர் அய்யாதுரைதான் ஓட்டினார். அந்தப் பெண் கதவோரம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவருக்கே பொறுக்கவில்லை, வேகமாக ஓட்டிவிட்டார். இலை எல்லாம் படபட என்று அடித்தது. அவள் தலை மட்டும் திரும்பவே இல்லை. அப்புறம் வெடித்தது. மறுபடி முதலில் இருந்து போட்டார்.

"நல்லாப் பாத்துக்கோங்க. மருந்து எங்க இருக்கு? முதுகுக்குப் பின்னால. கண்ணு எங்க இருக்கு? மரத்துல. வேடிக்க பாக்க வந்தீகளா, வேல பாக்க வந்தீகளா? இப்பிடி இருந்தா இதான் கதி."

என் பக்கத்தில் மாரிக்கனி உட்கார்ந்திருந்தாள். பானு இருந்த அதே ரூமில் வேலை செய்தவள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்றால் அவளுக்குத் தெரியும்.

தம்பி, நீங்கள் கேமரா வைத்த இடத்தில் நான் இல்லை.

அன்றைக்கு ஒரு படம் வந்திருந்தது. முதல் நாள். எனக்குப் பிடித்த நடிகர். பன்னிரண்டு மணி ஆட்டம். பதினொன்றரைக்கு அய்யாதுரையிடம் தலைவலி என்று சொன்னேன். என் பங்குக் குழாய் பாதிக்கு மேல் கிடந்தது. சாயங்காலம் வேன் வருவதற்குள் எண்ணிக்கை முடியாவிட்டால் மறுநாள் உட்கார விடமாட்டார்கள். பானுவிடம்தான் சொன்னேன்.

"எம்பங்கையும் சேத்து முடிச்சிருடி. ஒனக்கு என்ன, மிசினு மாதிரி போட்டுருவ."

"வீட்டுக்கா போற? எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தாள். "கதைய ஒண்ணு விடாம வந்து சொல்லணும், பாத்துக்கோ."

எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் போகவில்லை. நான் வைத்துவிட்டு வந்த பங்குக்காக உட்கார்ந்தாள். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் கை செய்தது. அவசரத்தில் அமுக்கினாளோ, குச்சி உரசியதோ, எனக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க அவளுக்கு நேரம் இல்லை, அது மட்டும் தெரியும்.

தியேட்டரில் கதாநாயகன் வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. சரியாக அவன் வந்து நிற்கிற நேரம் வெளியே பெரிய சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் முதல் நாள் படத்துக்கு வெடி போடாமல் இருப்பார்களா? ரசிகர்கள் போடுகிறார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் மகள் செத்த சத்தத்துக்கு நான் கை தட்டினேன் தம்பி.

அய்யாதுரை கூப்பிடுவார் என்று போனை அணைத்து வைத்திருந்தேன். மூன்று மணிக்குப் படம் விட்டுத்தான் வெளியே வந்தேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் படம் வரைக்கும் நான் எந்தப் படமும் பார்க்கவில்லை.

பதினாறு முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். "கடைசியா நீங்க பாத்தப்போ பானு என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மரத்தடியில இருந்து பாத்தேன் டீச்சர். கதவோரம் சும்மா உக்காந்திருந்தா" என்றேன். என்னைத் தப்பிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே அது நல்லாயிருந்தது. பன்னிரண்டு வயசில் இருந்து ஏதாவது ஒரு வேலை செய்த பிள்ளை, சாகும்போதாவது கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு காற்று வாங்கியிருக்கட்டும் என்று இருந்தது. டீச்சர் அதை ஒரு வரி எழுதினார்கள். ஒரு வரியை என்னால் தாங்க முடிந்தது. படித்ததும் அடுத்த வரிக்குப் போய்விடலாம். நீங்கள் அதிலிருந்து என்னை எழுந்திருக்க விடவில்லை. நான் இல்லாத மரத்தடியில் ஒன்பது நிமிஷம் உட்கார வைத்தீர்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த ரூம் பெண்களுக்கெல்லாம் நான் அன்றைக்கு மரத்தடியில் இல்லை என்பது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவள், எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை. நான் சொன்ன பொய் இது. ஆனால் அது இப்போது அய்யாதுரை கையில் இருக்கிறது. வாங்கித் தாருங்கள்.

சண்முகத்தாய்

*

சென்னை
2.5.2025

அம்மா,

கம்பெனிக்கு எழுதினேன். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன், இனிப் போடக் கூடாது என்று. பதில் இல்லை. போனில் பிடித்தபோது, "எல்லா யூனிட்டுக்கும் அனுப்பியாச்சு சார், நல்லா யூஸ்ஃபுல்லா இருக்கு" என்றார்கள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அதை வாங்கித் தர முடியாது அம்மா.

படத்தில் இருந்து எடுத்துவிட்டேன். இனி எங்கே போட்டாலும் அந்தக் காட்சி இருக்காது. எடிட்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேப்பமரத்தின் மேல் மதிய வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க நான் நாரணாபுரத்தில் நாலு நாள் தங்கினேன். உங்கள் வீடு நான் தங்கிய இடத்திலிருந்து இரண்டு தெரு. ஒரு தடவைகூட வந்து கதவைத் தட்டவில்லை. டீச்சர் கதையில் எல்லாம் இருக்கிறதே, எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அவசரப்படாமல் எடுத்த படம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரு மணி நேரம் உட்கார எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கடிதங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்.

சாம்சுந்தர்

*

நாரணாபுரம்
9.6.2025

தம்பிக்கு,

கடிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மறைக்க இப்போது ஒன்றும் இல்லை.

போன மாதம் இன்னொரு தொகுதி ஆட்களுக்கு வகுப்பு வைத்தார்கள். எல்லாம் புதுப் பிள்ளைகள். பதினெட்டு, இருபது வயசு. எனக்கு அன்றைக்கு அங்கே வேலை இல்லை. நானாகப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அய்யாதுரை பார்த்தார். படத்தை வேகமாக ஓட்டி, வெடிக்க வைத்து, வழக்கம்போலக் கண்ணு எங்க இருக்கு என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன்.

"அது எம்மக. அவ வேடிக்க பாக்கல."

"சண்முகத்தாயி, உக்காருங்க. பெறகு பேசலாம்."

"பெறகு பேசி மூணு வருசம் ஆச்சு. அன்னைக்கு நான் தலவலின்னு சொல்லிட்டுப் படத்துக்குப் போயிட்டேன். எம்பங்கையும் அவதான் அடச்சுக்கிட்டு இருந்தா. சோத்துக்குக்கூடப் போகல. இந்தப் படத்துல உள்ளது நான் சொன்ன பொய்யி."

அய்யாதுரை கேட்டார். "அப்பிடின்னா, நீங்கதான் காரணம்னு சொல்லுதீக?"

"நான் போனேன். அதுக்கு நான்தான் காரணம். ஒரு ஆளு ரெண்டு ஆளு மருந்த வச்சுக்கிட்டு சோத்து நேரத்துல ஒத்தையில உக்காந்திருந்தத நீங்க பாக்கலயா? பாத்தீக. எண்ணிக்க குறையாதுன்னு விட்டுட்டுப் போனீக. அதையும் சேத்து இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க."

அவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

மறுநாள் வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை. கேட்டதற்கு, என் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். பொய் சொல்லி வெளியே போனவளை வேலையில் வைக்க முடியாதாம். மாரிக்கனி பேசுவதை நிறுத்திவிட்டாள். தலைவலி என்றுதான் அவள் இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். என்னோடு சேர்ந்து எத்தனையோ ராத்திரி அழுதவள். படத்துக்குப் போனவளுக்காகவா அழுதேன் என்று கேட்டாளாம். நியாயம்தான். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. என் அண்ணன்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போகிறார்.

அந்தக் காட்சியை இன்னும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னைக் கடையில் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, அவரு அதப் போட்டா எங்க லைன்ல எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிடுவோம். பாக்க மாட்டோம்." இப்போது என்னைத்தான் ஏசுகிறார்கள். பானுவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு பேர் பங்கை அடைத்தவள் என்றுதான் பேச்சு. அது போதும்.

நீங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். வந்திருந்தாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். வந்து வெயிலில் நின்று கேட்டிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். படத்தில் இருந்து வெட்டினேன் என்று எழுதியிருந்தீர்களே, வெட்டினதை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் அதை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்புங்கள். வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துக்கொள்வேன். அது பானு இல்லை, யாரோ பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாக உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கையை வைத்திருக்கிற விதம் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு மண்டபத்தில் எனக்குப் பார்க்க முடியவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

வெடிக்கிற இடத்துக்கு முந்தி நிறுத்திவிடுங்கள். வேகமாக ஓட்டுகிற மாதிரி எதுவும் செய்ய வேண்டாம், நீங்கள் எடுத்தபடியே இருக்கட்டும். இன்னும் நீளமாக எடுத்தது ஏதாவது உங்களிடம் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு இப்போது வேலைக்குப் போக வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் பார்ப்பேன்.

பானுப்பிரியா அம்மா
சண்முகத்தாய்